இருவர் மடித்த வீடு

பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் படுத்தவர்கள் எல்லோரும் ஒரே வீட்டைத்தான் கனவில் கண்டார்கள். அந்த வீட்டில் கழிவறை இல்லை என்பது மட்டும்தான் அவர்களுக்கு இருந்த குறை. இடுப்பு முறிந்து வந்தவர், குடலிறக்கத்துக்கு வந்தவர், பித்தப்பையில் கல் இருப்பதாக நம்பி வந்து, இல்லை என்று சொன்னதும் முகம் வாடிப்போனவர், யாராக இருந்தாலும் சரி, கண்ணை மூடினால் மழை பெய்யும் ஒரு பாதையில் நடந்து அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உள்ளே மஞ்சள் விளக்கு எரியும். அடுப்பின்மேல் ஆறாத கெட்டில் இருக்கும். மூலையில் கட்டில், ஜன்னலோரம் நாற்காலி, அதன் கைப்பிடியில் மடித்துப் போட்ட கம்பளி. இரண்டாம் மாடிக்காரர்களும் நான்காம் மாடிக்காரர்களும் உலக வழக்கப்படி பரீட்சைக்குத் தாமதமாவதையும் பஸ்ஸைத் தவறவிடுவதையும் கனவு கண்டுகொண்டிருந்தார்கள். டாக்டர்கள் இதை மருந்தின் வேலை என்று நினைத்து மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். கெட்டில்கூட இடம் மாறவில்லை.

விஷயம் மருந்தில் இல்லை, விரிப்பில் இருந்தது. மூன்றாம் மாடிக் கட்டில்கள் பழையவை, அகலமானவை. அவற்றின் விரிப்புகள் மடிக்கும் இயந்திரத்தின் வாய்க்குள் நுழையாது. அதனால் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் அவற்றை மட்டும் இரண்டு பெண்கள் கையால் மடித்தார்கள். ஒருத்தி நெட்டை, இன்னொருத்தி குட்டை. பெற்றவர்கள் வைத்த பெயர்கள் இருவருக்கும் இருந்தன, சம்பள நாளில் மட்டும் அவை உதவின. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர்கள் பிடித்த விரிப்பு நெட்டையின் கையிலிருந்து குட்டையின் கைக்குச் சரிந்து இறங்கியதைப் பார்த்து முழு சலவைக்கூடமும் சிரித்தது. மறுநாள் குட்டை ஒரு சோப்புப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். அதற்குப் பிறகு குட்டை நின்ற இடத்தில் நிற்பாள், நெட்டைதான் நடப்பாள். முனைகளைப் பிடித்து உதறி, இழுத்து, இரண்டாக மடித்து, நெட்டை நடந்து வந்து தன் முனைகளைக் குட்டையின் கையில் சேர்ப்பாள், குனிந்து அடிமடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள், மறுபடி வருவாள். உலர்த்தும் இயந்திரங்கள் போடும் சத்தத்தில் எட்ட நின்று பேசினால் ஒன்றும் கேட்காது. முனையும் முனையும் சேரும்போது மட்டும் வாயும் காதும் பக்கத்தில் வரும். அந்த ஒரு நொடியில் ஒரு வாக்கியம் சொல்லலாம். அவ்வளவுதான் அவகாசம்.

அப்படி ஒவ்வொரு வாக்கியமாகத்தான் வீடு எழும்பியது. வீட்டைக் கட்டிப்பார் என்று ஊர் பயமுறுத்தும். இவர்களுக்குச் செங்கல்லும் வேண்டியிருக்கவில்லை, கொத்தனாரின் தயவும் வேண்டியிருக்கவில்லை. முதலில் நெட்டை ஒரு கட்டிலைப் போட்டாள். அவள் புருஷன் போனபிறகு அண்ணன் வீட்டில் இருந்தாள். படுக்க இடம் நடையில். கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த அந்த நடையில், அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் போவார்கள், வருவார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் தூங்குகிறவளைத் தினமும் தாண்டுகிறவர்களுக்கு அவள் ஒரு வாசற்படி ஆகிவிடுகிறாள். அதனால், "மூலையில ஒரு கட்டில். ரெண்டு பக்கமும் சுவர். யாரும் தாண்டக்கூடாது" என்றாள். குட்டை அடுத்த மடிப்பில், "எனக்கு ஒரு நாற்காலி. உட்கார்ந்தா யாரும் எழுந்திருன்னு சொல்லக்கூடாது" என்றாள். குட்டைக்கு மூன்று மகன்கள். மூவரும் அம்மாமேல் உயிரையே வைத்திருந்தார்கள், ஆனால் அவள் உட்கார்ந்ததைப் பார்த்தால்தான் அவர்களுக்குத் தாகம் எடுக்கும்.

வருஷங்கள் மடிப்பு மடிப்பாகப் போயின. கெட்டில் வந்தது, அதை வேறு யாரோ அடுப்பில் வைத்திருக்கவேண்டும் என்பது நிபந்தனை. மஞ்சள் விளக்கு வந்தது, காலுக்கு ஒரு முக்காலி வந்தது, எதுவும் கேட்காத ஒரு பூனை வந்தது. வெந்நீரைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வேலையே வேண்டாம் என்று குட்டை குளியல் தொட்டியை அடுப்புக்குப் பக்கத்திலேயே போட்டாள். "சமையலறையிலயா குளிப்பாங்க?" என்று நெட்டை கேட்பதற்குள் முனைகள் பிரிந்துவிட்டன. சேர்ந்த முனையில் சொன்னது சொன்னதுதான், திரும்ப எடுக்க முடியாது என்பது அவர்களுக்குள் சட்டம். நீராவிக் குழாயைப் பார்க்க அடிக்கடி அங்கே வரும் பாய்லர்க்காரருக்கும் இந்த வீடு தெரியும். காலையிலிருந்து மாலைவரை வேர்வையில் ஊறுகிற மனிதர் அவர். தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்றார். என்ன வேண்டும் என்று கேட்டார்கள். "மழை" என்றார். "வெளியில குளிரே இல்லாம உள்ள கம்பளி எதுக்கும்மா?" நியாயம்தான் என்று இருவருக்கும் பட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டின்மேல் மழை நின்றதில்லை.

இதெல்லாம் வெறும் வாய்ப்பந்தல் என்றுதான் மூவரும் நினைத்திருந்தார்கள். ஒரு கோடையில் மூன்றாம் மாடியிலிருந்து வரும் விரிப்புகளில் நனைந்தவை திடீரென்று பெருகின. வளர்ந்த மனிதர்கள், குடும்பஸ்தர்கள், படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தார்கள். குட்டை மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டிய திட்டு பாய்லர் அறைவரை கேட்டது. கடைசியில் மூன்றாம் மாடித் தலைமை நர்ஸ் தானே இறங்கி வந்தார். பாவம், அவருக்கும் யாரிடமாவது சொல்லவேண்டியிருந்தது. "எல்லாரும் ஒரே வீட்டுக்குப் போறாங்களாம். சமையல்கட்டுல குளியல் தொட்டிகூட இருக்காம். வீடு முழுக்கத் தேடிப் பாத்தாலும் கக்கூஸ் மட்டும் இல்லையாம். அதனால இங்கயே..." என்று விரிப்புக் குவியலைக் காட்டினார். நெட்டையும் குட்டையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாளெல்லாம் மற்றவர்கள் அசிங்கப்படுத்தியதைக் கழுவுகிறவர்கள், ஓய்வுக்கென்று ஒரு வீடு கட்டும்போது அதை நினைப்பார்களா? நினைக்கவில்லை. தாங்கள் மறந்ததைத் தாங்களே துவைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது புரிந்ததும் குட்டை சோப்புப் பெட்டியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு எழுந்து, விரிப்பை உதறி, நெட்டை முனையோடு வந்ததும் சொன்னாள்: "பின்பக்கம் ஒரு கக்கூஸ். நல்ல வெளிச்சம். உள்பக்கம் தாழ்ப்பாள்." அந்த வாரமே மூன்றாம் மாடி காய்ந்தது.

அதற்குப் பிறகு தலைமை நர்ஸ் மதிய நேரங்களில் கீழே வந்து வீட்டுச் சேதி சொல்வது வழக்கமாயிற்று. பூனைக்கு யாரோ வைத்த பெயர், ஜன்னல் கண்ணாடியில் யாரோ வரைந்த படகு, எல்லாம் வந்து சேரும். நன்றிகளும் வரும், அந்தக் கம்பளியைப் போட்டது யாரோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று முன்பின் தெரியாதவர்கள் சொல்லி அனுப்புவார்கள். ஒருநாள் நர்ஸ், "மூலைக் கட்டில்ல நேத்து ஒரு பெரியவர் படுத்தாராம்" என்றார். நெட்டைக்குச் சுருக்கென்றது. இங்கேதான் தாண்டுகிறார்கள் என்றால், அங்கேயுமா? "என் கட்டில்ல யாரு படுக்கச் சொன்னா?" என்று கேட்டேவிட்டாள். அந்தப் பெரியவர் மனைவி போனதிலிருந்து சரியாகத் தூங்காதவர், அங்கே சுவரைப் பார்த்துப் படுத்தபிறகுதான் கண்ணயர்ந்தாராம் என்று நர்ஸ் சொன்னார். நெட்டை அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள். பிறகு ஒரு மடிப்பில், "கட்டிலுக்கு இன்னொரு தலையணை" என்றாள்.

கட்டியவர்கள் மட்டும் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. பார்க்க ஆசைப்பட்டு, தலைமை நர்ஸின் தயவில், ஒரு விடுமுறை மதியம் மூவரும் மூன்றாம் மாடிக் காலிப் படுக்கைகளில் படுத்தும் பார்த்தார்கள். இரண்டு பெண்களும் மரக்கட்டையாகத் தூங்கினார்கள், ஒன்றும் வரவில்லை. பாய்லர்க்காரர் கனவில் பாய்லர் வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று அவர் அலுத்துக்கொண்டார். குட்டைதான் சமாதானம் சொன்னாள்: "சமைச்சவளுக்கு வாசனையிலயே வயிறு ரொம்பிடும் அண்ணே. சாப்பிடறவங்க சாப்பிடட்டும்." தன் கையால் மடித்ததில் தனக்கு வழி இல்லை என்று அவர்கள் முடிவுக்கு வந்து, அதை மனத்தாங்கல் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

குட்டைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது பிறகு. முதலில் சோப்புப் பெட்டியில் ஏறினால் வாங்கியது, பிறகு ஏறாமலே வாங்கியது. இதயத்தில் ஒரு கதவு சரியாக மூடவில்லை என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். மூன்றாம் மாடியில் சேர்த்தார்கள். ஆபரேஷன் செய்தால் பிழைப்பாள். ஆனால் ரத்த அழுத்தம் இறங்கினால்தான் கத்தி வைக்க முடியும், தூங்கினால்தான் அழுத்தம் இறங்கும், குட்டைக்கோ தூக்கம் வரவில்லை. மாத்திரை கொடுத்தார்கள், கண் செருகியது, மனம் உட்கார்ந்தே இருந்தது. நாளைக் காலை பார்ப்போம், அப்போதும் இறங்கவில்லையென்றால் தள்ளிப்போட வேண்டிவரும், அதிகம் தள்ளிப்போட இதயம் இடம் கொடுக்காது என்றார் டாக்டர்.

அன்று வேலை முடிந்ததும் நெட்டை மேலே போனாள். கட்டிலின் கால்மாட்டில் மூன்று மகன்களும் வரிசையாக நின்று கண் கலங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் உள்ளவன், "அம்மா, சர்க்கரை டப்பா எங்கம்மா இருக்கு?" என்றான். நெட்டை அவர்களை வெளியே அனுப்பிவிட்டு உட்கார்ந்தாள். குட்டையின் கையைப் பிடித்தால் அது சில்லென்று இருந்தது.

"எல்லாரும் போறாங்கடி" என்றாள் குட்டை. "இந்தப் பக்கம் படுத்திருக்கவங்க போறாங்க, அந்தப் பக்கம் போறாங்க. காலையில கம்பளி நல்லா இருந்துச்சுன்னு பேசிக்கறாங்க. நான் மட்டும் முழிச்சுக்கிட்டுக் கெடக்கறேன். நாளைக்கு என்ன ஆகுமோ. ஒரே ஒரு தடவை அந்த நாற்காலியில உக்காந்துட்டுப் போனா, என்ன வேணும்னாலும் ஆகட்டும்."

"உக்காருவ. நான் உக்கார வைக்கறேன்" என்று நெட்டை சொல்லிவிட்டாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது. பக்கத்துப் படுக்கையில் இருந்த கணக்கு டீச்சர் தயங்கித் தயங்கித் திரும்பினார். "அது உங்க நாற்காலியா? மன்னிச்சுக்கோங்க, நேத்து நான்தான் உக்காந்தேன். இடது கைப்பிடி கொஞ்சம் ஆடுது, தெரியுமா?" என்றார். குட்டைக்குத் தெரியாது. நெட்டைக்கும் தெரியாது. அவர்கள் ஆடாத நாற்காலியைத்தான் போட்டிருந்தார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து ஆடியிருக்கிறது. நெட்டை அந்த இடத்திலேயே எழுந்து நின்றாள். தங்களைவிட இவர்களுக்கு வீடு நன்றாகத் தெரியும். தாங்கள் மடித்ததில்தானே தங்களுக்கு வழி இல்லை? இவர்கள் மடித்தால்?

படிகளில் இறங்கி ஓடினாள். அவள் காலின் நீளத்துக்கு அன்றுதான் ஒரு அர்த்தம் கிடைத்தது. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூடாக ஒரு விரிப்பை அள்ளிக்கொண்டு திரும்பியபோது வாசலில் தலைமை நர்ஸ் நின்றார். மடிக்காத துணியை வார்டுக்குள் கொண்டுவருவது விதிப்படி தவறு. நர்ஸ் விரிப்பைப் பார்த்தார், நெட்டையின் முகத்தைப் பார்த்தார், வார்டின் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார்.

நெட்டை சொல்லிக்கொடுத்தாள். தான் மட்டும் துணியைத் தொடவில்லை, வாயால்தான் சொன்னாள். முதலில் கணக்கு டீச்சரும், எதிர் வரிசைப் படுக்கையிலிருந்து சலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு வந்த பஸ் டிரைவரும் பிடித்தார்கள். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் பிடித்தார். "திருப்பாதீங்க, இழுங்க" என்றாள் நெட்டை. முனை சேரும்போது அந்த வீட்டில் பார்த்த ஒன்றைச் சொல்லவேண்டும் என்றாள். டீச்சர் கொஞ்சம் வெட்கப்பட்டு, "மஞ்சள் விளக்கு. கண்ணாடியில் ஒரு கீறல்" என்றார். மடித்ததைப் பிரித்து அடுத்த ஜோடி பிடித்தது. "தொட்டி ஓரத்துல என் சோப்ப வச்சுட்டு வந்திருக்கேன்" என்றாள் ஒருத்தி. "கப்பெல்லாம் கழுவிக் கவுத்து வச்சாச்சு" என்றார் ஒருவர். கை தூக்க முடியாதவர்கள் படுத்தபடியே ஒரு முனையை விரலில் பிடித்துக்கொண்டார்கள். விரிப்பு கோணல்மாணலாக, பார்க்கச் சகிக்காத விதத்தில் மடிந்தது. வேறு நாளாக இருந்தால் குட்டை எழுந்து வந்து பிடுங்கியிருப்பாள். இன்று அவள் ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் மறுபடி டிரைவரின் முறை வந்தது. என்ன சொல்வது என்று அவர் யோசித்தார். "நாற்காலி காலியா இருக்கு" என்றார். பிறகு குட்டையைப் பார்த்து, "இன்னைக்கு நாங்க யாரும் அதுல உக்காரமாட்டோம். நீங்க வாங்க" என்றார். எல்லாப் படுக்கையிலிருந்தும் ஆமாம் ஆமாம் என்று குரல் வந்தது. தலைமை நர்ஸ் வந்து அந்த விரிப்பைக் குட்டையின் கட்டிலில் விரித்தார். நெட்டை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

காலையில் குட்டையின் கால்கள் மழையில் நடந்து வந்ததுபோல் ஈரமாக இருந்தன. தலைமை நர்ஸ் துடைத்துவிட்டு அழுத்தம் பார்த்தார், இறங்கியிருந்தது. ஆபரேஷன் நடந்தது, நன்றாக முடிந்தது. குட்டைக்குப் பேச்சு வந்ததும் நெட்டையைத்தான் கூப்பிட்டாள். "உக்காந்தேன்டி" என்றாள். "விடியறவரைக்கும் உக்காந்தேன். யாரோ பின்னாடியிருந்து கப்ல சூடா என்னமோ கொண்டாந்து வச்சாங்க. யாருன்னு திரும்பிப் பாக்கல. பாத்தா நன்றி சொல்லணும், சொன்னா எந்திரிக்கணும். அப்படியே உக்காந்துட்டேன். ஒரே ஒரு தடவைதான் எந்திரிச்சேன். உன் கட்டில்ல போர்வைய விரிச்சு வைக்க."

குட்டை வேலைக்குத் திரும்பினாலும் கையை உயரத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கவிழ்த்த சோப்புப் பெட்டியில் உட்கார்ந்து பொத்தான் தைத்தாள்; அவளை எழுந்திரு என்று சொல்ல சலவைக்கூடத்தில் யாருக்கும் தைரியம் இல்லை. வீட்டிலும் மகன்கள் சர்க்கரை டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டிருந்தார்கள். மூன்றாம் மாடியில், குணமாகிப் போகிறவர்கள் போகிற நாளில் ஜோடி ஜோடியாக நின்று விரிப்பு மடித்துவிட்டுப் போகும் வழக்கம் அதிலிருந்து வந்தது. வீட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை. பாய்லர்க்காரர் ஓய்வுபெற்றபோது, அப்படி மடித்த, கிழிந்து கழிக்கப்பட்ட விரிப்பு ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். சித்திரை வெயிலிலும் அவர் பக்கத்தில் படுக்கக் குளிர்கிறது என்று அவர் மனைவி புகார் சொல்லிக்கொண்டு, சந்தோஷமாக இரண்டு போர்வை போர்த்திக்கொண்டாள்.

நெட்டைக்கும் ஒரு கழித்த விரிப்பு கிடைத்தது, டிரைவரும் டீச்சரும் மடித்தது. அதை அண்ணன் வீட்டு நடையில் விரித்துப் படுத்தாள். காலையில் அவளைத் தாண்டப்போன அண்ணி ஈரத்தில் கால் வைத்து வழுக்கப்பார்த்தாள். நாத்தனாரின் கால் நனைந்திருந்தது, தலைமுடியில் மழை வாசனை. ஊரிலோ மழை பெய்து மாதக்கணக்காகிறது. அண்ணி முணுமுணுத்துக்கொண்டே தரையைத் துடைத்தாள். பிறகு சில நாள் முணுமுணுக்காமல் துடைத்தாள். பிறகு ஒரு காலை, தாண்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து நெட்டையின் தலையைத் துவட்டிவிட்டு, எங்கேதான் போய் வருகிறாய் என்று கேட்டாள். நெட்டை எல்லாவற்றையும் சொன்னாள். கட்டில், கெட்டில், சமையலறைத் தொட்டி, தானே மடித்தால் பலிக்காது என்பது, அதனால் தினமும் விரிப்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் யாரையாவது மடித்துத் தரச் சொல்வது.

அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் நெட்டை விரிப்பைச் சுருட்டிப் பையில் வைக்கும்போது அதைப் பிடுங்கினாள். "எதுக்கு இதத் தூக்கிக்கிட்டு அலையற? இந்த வீட்ல ஆள் இல்லையா?" என்றவள், பல்லில் பிரஷ்ஷோடு வந்த கணவனைப் பிடித்து மறுமுனையைக் கையில் கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு துண்டைக்கூட மடித்தறியாத அண்ணன், வாயில் நுரையோடு, இழு என்றால் இழுத்து, வா என்றால் வந்தார். முனையும் முனையும் சேர்ந்தபோது அண்ணி சொன்னாள்: "அந்தத் தொட்டிக்கு ஒரு திரை. நாலு பேர் வந்து போற எடம்."

"எந்தத் தொட்டி?" என்றார் அண்ணன்.

அன்றிரவே திரை வந்துவிட்டது. பச்சை நிறம், அண்ணிக்குப் பிடித்த பச்சை. இனிமேல் கூச்சமில்லாமல் குளிக்கலாம் என்று மூன்றாம் மாடிக்காரர்கள் காலையில் தலைமை நர்ஸிடம் சொன்னார்கள். அவர் சரி என்று கேட்டுக்கொண்டு, அடுத்த படுக்கைக்குப் போய்க் காய்ச்சல் பார்த்தார்.